பின் இடது சக்கரத்தின் ஆறு ஸ்டட்டுகள்

வந்திருந்தவர்கள் நான்கு பேர். தலைவர் லயல் பீட்லிங் நீள மேசையின் தலைமாட்டில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். அந்த இடத்தைப் பதினோரு வருஷமாக அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அவருக்கு வலப்பக்கம் கெவ் ஷர்மர், நாற்காலியைப் பின்னுக்குச் சாய்த்துத் தலையைச் சுவரில் முட்டுக்கொடுத்தபடி. ஜன்னல் மூலையில், வெயில் எட்டாத இடமாகப் பார்த்து, எண்பத்தொரு வயது ஊனா ட்ரஸைஸ். மடியில் கைப்பை, கைப்பையின் மேல் இரண்டு கைகள். மேசையின் கால்மாட்டில், கதவுப் பக்கம், குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு செயலாளர் க்ளெனிஸ் ராஷ். பொருளாளர் வரவில்லை, அடிலெய்டில் மகள் வீட்டில் இருந்தார். டன்ஸ்டன் வெல்ஸ் ஊர்ப் பேருந்துக் குழுவின் அவசரக் கூட்டம். ஜனவரி பதினான்கு, புதன்கிழமை, பிற்பகல் இரண்டு மணி.

இவ்வளவையும் எழுதிவிட்டு, அடுத்த வரியில் 'பொருள்' என்று எழுதிக் கோடும் இழுத்த பிறகு, க்ளெனிஸின் பேனா நின்றுவிட்டது. சக்கரம் கழன்றது என்று எழுதுவதா, சக்கரம் போனது என்று எழுதுவதா? அவள் கண்ணுக்குள் அது கழன்றதாகவே இல்லை. போனதுதான் இருந்தது.

சனிக்கிழமை காலை. உப்பு ஏரிக்கரை மண்சாலையில் பன்னிரண்டு இருக்கை வண்டி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவள் க்ளெனிஸ். உள்ளே ஐந்து முதியவர்கள், ஒரு கூடை நிறைய இறைச்சி அடைத்த பேஸ்டி, ஒரு ஃப்ளாஸ்க் தேநீர். கோடையில் தண்ணீர் வற்றி ஏரி ஓரமெல்லாம் ரோஜா நிறத்திலும் நடுவில் வெள்ளையாகவும் கிடந்தது. அந்த வெளிச்சத்தில் பேசத் தோன்றாது. அப்போது இடது ஜன்னலோரம் இருந்த ஊனா, பறவையைக் காட்டுகிற குரலில், "அங்க பாருங்க, யாரோட சக்கரமோ தனியாப் போகுது" என்றாள்.

எல்லோரும் பார்த்தார்கள். ஒரு சக்கரம், டயரோடு, தள்ளாட்டம் இல்லாமல் நிமிர்ந்து, வண்டியை மெதுவாக முந்திக்கொண்டு போயிற்று. ஜன்னலுக்கு நேரே வந்தபோது ஒரு கணம் கூடவே ஓடியது. பிறகு சாலையை விட்டிறங்கி, சரிவில் வேகம் எடுத்து, உப்பின் மேல் ஏறியது. அதன் பின்னால் மெல்லிய கோடு ஒன்று நீண்டது. கானல் அலையும் இடத்தை எட்டியதும் சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே ஆகாயம் புகுந்துகொண்டது. சக்கரம் காற்றில் உருண்டது.

அதற்குப் பிறகுதான் வண்டியின் பின் இடது மூலை தொம்மென்று இறங்கி, இரும்பு சரளையைக் கீறும் சத்தம் கேட்டது. க்ளெனிஸ் பதறாமல் நிறுத்தினாள். யாருக்கும் கீறல்கூட இல்லை. ஐந்து பேரும் சக்கரம் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேநீர் ஆறுவதற்குள் குடித்துவிடலாம் என்று ஒருவர் சொல்ல, குடித்தார்கள். பிற்பாடு கெவ் போய்ச் சக்கரத்தைத் தூக்கி வந்தான். இருநூற்று நாற்பது தப்படி தூரம் என்று எண்ணிச் சொன்னான். ஊனா அதை ஏற்றுக்கொள்ளவே இல்லை. அவள் பார்த்த வரையில் அது ஏரியைக் கடந்து போய்விட்டது.

கூட்டத்தில் லயல் தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். நவம்பரில் ஊர் டயர் கடையில் நான்கு புது டயர் போட்டோம். இரண்டு மாசம்கூட ஆகவில்லை, ஸ்டட் ஆறும் போய்ச் சக்கரம் கழன்றுவிட்டது. வேறு யார் மேல் பழி சொல்ல முடியும் என்றார். சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற விரல் தடிமன் இரும்புத் தண்டு தானாக உடையாது. அளவுக்கு மேல் முறுக்கினால் உடையும். அந்தக் கடையில் நாள் முழுக்க நட்டு முறுக்குகிற ஏர் கன் இரைகிற சத்தம் தன் வீட்டு வரை கேட்கிறது என்றார்.

ஊனா கைப்பையிலிருந்து ஒரு கையை எடுத்தாள். "நான் எதிர்த்தாப்ல பெஞ்சுல உக்காந்து பாத்திருக்கேன் லயல். கழட்டத்தான் அந்த மெஷினு. மாட்டுறது கையாலதான். குழந்தைக்குப் பொத்தான் போடுற மாதிரி ஒவ்வொரு நட்டையும் விரலால திருகி உள்ள விடுறான் அந்தப் பையன்."

"நீ அந்த பெஞ்சுல தூங்குறதைத்தான் நான் பாத்திருக்கேன்" என்றான் கெவ்.

"ஒரு கண்ணாலதான் தூங்குவேன்."

சிரித்தார்கள். அதோடு ஊனாவின் சாட்சியம் முடிந்துவிட்டது. குறிப்பேட்டிலும் ஏறவில்லை.

டயர் கடைக்குச் சொந்தக்காரர் பாஸ்கோ, நூற்று நாற்பது கிலோமீட்டர் தள்ளித் துறைமுக ஊரில் இருந்தார். அங்கே அவருக்கு இன்னும் இரண்டு கடைகள். இங்கே வேலை பார்ப்பது ரெனாட்டோ டும்லாவ் ஒருவன்தான். பிலிப்பைன்ஸிலிருந்து வந்து நான்கு வருஷம் ஆகிறது. அவன் விசா அந்த வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் விசாவும் போகும். மனைவியும் மகளும் மார்ச் மாதம் வருவதாக இருந்தார்கள். பாஸ்கோவோடு தான் தொலைபேசியில் பேசியதாகக் கெவ் கூட்டத்தில் சொன்னான். வாய்ப்பேச்சுக்கு ஆளை வேலையை விட்டு அனுப்ப மாட்டேன். குழு எழுத்தில் கொடுத்தால் அனுப்பிவிடுகிறேன் என்றாராம் பாஸ்கோ.

அப்படியானால் எழுத்தில் கொடுப்போம் என்றார் லயல். தபால் வண்டி வெள்ளிக்கிழமை வரும். க்ளெனிஸ் எழுத வேண்டும், அவர் கையெழுத்துப் போடுவார். மூன்று கைகள் உயர்ந்தன. ஊனாவின் கை கடைசியில், பாதி வரை. க்ளெனிஸும் தூக்கினாள். தன் வண்டியில் ஐந்து உயிர்கள் இருந்தன என்பதை நினைத்துத்தான் தூக்கினாள்.

*

க்ளெனிஸ் ஒரு கடிதத்தை எண்ணும் தேதியும் இல்லாமல் எழுதினவள் கிடையாது. மளிகைக் கடைக்கு எழுதும் இரண்டு வரியில்கூடத் தேதி இருக்கும். அதனால் வியாழக்கிழமை காலை, ரசீது எண்ணைக் கேட்டு வாங்கத் தானே டயர் கடைக்கு நடந்தாள். வழக்கமாக அந்த நேரத்துக்கு ஆட்களை மருத்துவமனைக்கு ஏற்றிக்கொண்டு போயிருப்பாள். ஒன்பது வருஷத்தில் வியாழக்கிழமை அன்று கால்நடையாகப் போவது இதுதான் முதல் தடவை. தெரு ரொம்ப அகலமாக இருந்தது.

தகரக் கொட்டகைக்குள் வண்டி நான்கு தாங்கிகளின் மேல் நின்றது. நான்கு சக்கரங்களும் இல்லை. அடியில் வெயில் புகுந்து மறுபக்கம் வெளியே போய்க்கொண்டிருந்தது. ரெனாட்டோ ஸ்டூலில் உட்கார்ந்து சக்கரம் போய்ப் பொருந்துகிற ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக்கொண்டிருந்தான். உப்புப் பொருக்கு அங்கே ஒரு நூல் கனம் இருந்தாலும் சக்கரம் சரியாகப் பொருந்தாது என்பான். அதைத் தேய்க்காமல் அவன் சக்கரம் மாட்டி அவள் பார்த்ததில்லை. தேய்த்து, துடைத்து, நட்டை விரலால் ஐந்தாறு சுற்று விட்டு, நட்சத்திரம் வரைகிற மாதிரி எதிரெதிராக இறுக்கி, வண்டியை இறக்கியபின் பலம் அளக்கிற டார்க் ரெஞ்சால் க்ளிக் சத்தம் வரும்வரை முறுக்கி, நட்டின் மேல் மஞ்சள் மையால் கோடு போட்டு, நூறு கிலோமீட்டர் ஓடினதும் திரும்பக் கொண்டுவரச் சொல்லி அனுப்புவான். ஊனா சொன்னது உண்மைதான். க்ளெனிஸுக்கும் அது நேற்றே தெரியும். கை தூக்குகையில் ஏன் தோன்றவில்லை என்று வாசலில் நின்று யோசித்தாள்.

அவள் ரசீது எண்ணைக் கேட்டாள். அவன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு ரசீதுப் புத்தகத்தை எடுக்கப் போகாமல், மேசை மேல் விரித்திருந்த துணியைக் காட்டினான். அதில் இருபத்து நான்கு ஸ்டட்டுகள் வரிசையாக இருந்தன. ஐந்து கழுத்தில் ஒடிந்தவை. ஒன்று மரை முழுக்க வழித்துக்கொண்டு போய் மொழுக்கென்று இருந்தது. மற்ற பதினெட்டும் பார்வைக்கு முழுசாகத்தான் இருந்தன.

ஒரு புது ஸ்டட்டையும் ஒரு நட்டையும் அவள் கையில் கொடுத்து மாட்டிப் பார்க்கச் சொன்னான். நட்டு விரல் பட்டதும் வழுக்கிக்கொண்டு அடிவரை சுழன்று இறங்கியது. பிறகு அந்தப் பதினெட்டில் ஒன்றைக் கொடுத்தான். நட்டு பாதி தூரம் போய் நின்றுவிட்டது. அவள் அழுத்தித் திருகினாள். அசையவில்லை.

"நீண்டு போச்சு அக்கா" என்றான். தன்னைவிட மூத்த பெண்கள் எல்லோரையும் அவன் அப்படித்தான் கூப்பிடுவான். முதலில் ஊர் சிரித்தது, பிறகு பழகிவிட்டது. "மரைக்கும் மரைக்கும் நடுவுல இருக்குற இடைவெளியே மாறிப்போச்சு. நாலு சக்கரத்துலயும் இதே கதைதான். மோந்து பாருங்க."

அவள் ஸ்டட்டை மூக்கருகே கொண்டுபோனாள்.

மோந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. மரைப் பள்ளங்களில் மெழுகு மாதிரி மஞ்சளாக அது படிந்திருந்தது. அவள் சமையலறை இழுப்பறையில் இருக்கும் டப்பாவின் வாசம், அவள் விரல் மூட்டுகளின் வாசம், இந்த ஊரின் கதவுக் கீல், மோட்டார் படகு, தபால் பெட்டிப் பூட்டு எல்லாவற்றின் வாசம். கம்பளிக் கொழுப்பு. ஆட்டு ரோமத்தை அலசும்போது பிரிகிற கொழுப்பு. மூன்று பக்கம் உப்புத் தண்ணீரும் நான்காம் பக்கம் உப்பு ஏரியும் உள்ள இடத்தில், இரும்பு என்று பெயர் உள்ள எதையும் அது தடவாமல் விட முடியாது. விட்டால் ஒரு கோடையில் துரு தின்றுவிடும். டன்ஸ்டன் வெல்ஸில் பிறந்தவர்கள் பல் துலக்குவதுபோல அதைப் பூசுவார்கள். வெடித்த உதட்டுக்கும் அதுதான், தேவாலய மணியின் நாக்குக்கும் அதுதான்.

அந்தச் சனிக்கிழமை அவளுக்குத் தெளிவாக நினைவுக்கு வந்தது. நவம்பர் பதினைந்து. வண்டியைக் கழுவினாள். புது டயர்கள் கறுப்பாக மின்னின. நட்டுகளுக்கு வெளியே எட்டிப் பார்க்கும் ஸ்டட் முனைகள் பளிச்சென்று, காப்பே இல்லாமல் இருந்தன. பாவமாக இருந்தது. ஒவ்வொரு நட்டாகக் கழற்றி, பழைய பல் துலக்கியால் கொழுப்பைத் தடவி, திரும்ப மாட்டி, வீல் ஸ்பேனரால் இறுக்கினாள். ஒரு சமயத்தில் ஒன்று மட்டும். கழற்றினதைப் போட்ட பிறகே அடுத்தது. இருபத்து நான்கும் முடிய முக்கால் மணி நேரம். மஞ்சள் கோடுகள் கொஞ்சம் அழிந்தன. அதை அவள் அழுக்கோடு சேர்த்துத் துடைத்துவிட்டாள்.

"மரை காஞ்சிருந்தா, நான் முறுக்குற பலத்துல பாதிக்கு மேல உரசல்லயே போயிடும் அக்கா" என்றான் ரெனாட்டோ. "மிச்சம்தான் ஸ்டட்டை இழுக்கும். அந்தக் கணக்குலதான் வண்டி செஞ்சவன் அளவு குடுத்திருக்கான். கொழுப்பு இருந்தா உரசல் இல்ல. மொத்தப் பலமும் ஸ்டட்டை இழுக்கும். ரெஞ்சு எப்பவும் போல க்ளிக்குன்னு சொல்லும். நானும் சரின்னு விட்டுட்டேன்."

ரசீதுப் புத்தகத்தைப் புரட்டி, நவம்பர் பதினேழாம் தேதித் தாளைத் திறந்து அவள் முன்னால் வைத்தான். நூறு கிலோமீட்டர் ஓடினபின் அவள் வண்டியைத் திரும்பக் கொண்டுவந்த நாள். அவனுடைய சின்னக் கையெழுத்தில் இருந்தது: நட்டுகள் வழக்கத்தைவிட அதிகம் திரும்பின. யாராவது தொட்டார்களா என்று கேட்டேன். இல்லை என்றார். அதற்கடியில் வண்டி கொண்டுவந்தவர் என்ற இடத்தில் அவளுடைய கையெழுத்து.

"கேட்டேன் அக்கா."

அவன் குரலில் இருந்தது கோபம்தான். நான்கு வருஷத்தில் அவள் அதை முதல் தடவையாகக் கேட்டாள். தலையை ஆட்டினாள். அந்தத் திங்கட்கிழமை அவன் ரெஞ்சோடு நிமிர்ந்து, யாராச்சும் நட்டைத் தொட்டீங்களா என்று கேட்டதும், அவள் சிரித்துக்கொண்டே இல்லையே என்றதும் நினைவிருந்தது. அவள் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னதாக அப்போது ஒரு நூலளவுகூட உள்ளே தட்டவில்லை. கம்பளிக் கொழுப்பு பூசுவதைத் தொடுவது என்று இந்த ஊரில் யார் சொல்வார்கள்? முகத்தைத் தொட்டாயா என்று கேட்டால் கழுவினேன் என்றா சொல்வோம்?

பாஸ்கோவுக்கு இதைச் சொன்னாயா என்று கேட்டாள். சொன்னானாம். எல்லாக் கடைக்காரனும் வண்டிக்காரன் மேல்தான் பழி சொல்வான், குழு என்ன எழுதுகிறதோ அதைத்தான் நான் பார்ப்பேன் என்றாராம் அவர். தன் மேலும் தப்பு இருக்கிறது என்றும் அவனே சொன்னான். அன்று நட்டு கூடுதலாகத் திரும்பியபோதே ஒன்றைக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும். வாய் வார்த்தையை நம்பிவிட்டான். சொன்னது க்ளெனிஸ் என்பதால் நம்பிவிட்டான்.

ஸ்டூலுக்குத் திரும்பிப் போய்த் தூரிகையை எடுத்துக்கொண்டான்.

*

கடிதம் எழுத ஒரு இடம் வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. ரெனாட்டோவிடம் கேட்டுவிட்டு, தாங்கிகளின் மேல் நின்ற வண்டியில் ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். மாட்ட வேண்டிய சக்கரங்கள் சுவரில் சாய்ந்திருந்தன. எழுதும் அட்டையை ஸ்டீயரிங்கில் சாய்த்து வைத்துக்கொண்டாள்.

கொட்டகையின் வாசல் வழியாக, தெருவின் கோடியில், ஏரி தெரிந்தது. அந்த நேரத்து வெளிச்சத்தில் அது ஏரியாக இல்லை. தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் விரித்துப் பிடித்த வெள்ளைத் துணியாக இருந்தது. அவள் உட்கார்ந்திருந்த உயரமும் புதிதாக இருந்தது. கீழே ஒன்றுமில்லாமல் நிற்கிற வண்டி மூச்சு விடுகிற மாதிரி லேசாக அசைந்தது. ரெனாட்டோ பின்னால் ஏதோ தட்டுகிறான் என்று தெரிந்தும், வண்டி கிளம்பிவிட்டதாகவே உடம்பு நம்பியது. வலது கால் தானாக மிதியைத் தேடிற்று. சாலை நழுவி வந்தது. கண்ணாடியில் ஊனா, அவளுக்குப் பின்னால் நான்கு வெள்ளைத் தலைகள், எல்லாம் தூக்கத்தில் ஒரே திசையில் சாய்கின்றன.

ஏழு வாரத்துக்கு மேல் இப்படித்தான் ஓட்டியிருக்கிறாள். மருத்துவமனைக்கு, நூலகத்துக்கு, கிறிஸ்துமஸ் பாட்டுக்கு. அவள் ஒரு மெட்டை முனகிக்கொண்டு ஓட்ட, அவளுக்குக் கீழே, இருட்டில், இருபத்து நான்கு இரும்புத் தண்டுகள் முடி முடியாக நீண்டுகொண்டிருந்தன. சத்தமே இல்லாமல். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு முடி. பிரேக் போடும்போதெல்லாம் ஒரு முடி. பாகு இழுபடுவது போல, கோடை நாளில் நிழல் நீளுவது போல. நான்கு மூலையிலும் அது நடந்துகொண்டிருந்தது. பின் இடது மூலை முந்திக்கொண்டது, அவ்வளவுதான். மருத்துவமனைச் சாலையில், நூறு கிலோமீட்டர் வேகத்தில், முன் சக்கரம் ஒன்று முந்திக்கொண்டிருந்தால்?

அவள் கண்ணைத் திறந்தாள். மூடியிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

பிறகு எழுதினாள். பத்திகளுக்கு எண் போட்டாள். ஒன்று, டயர் மாற்றிய தேதியும் ரசீது எண்ணும். இரண்டு, சக்கரம் போன இடமும் நேரமும், வண்டியில் இருந்தவர்கள் பெயரும். மூன்று, இருபத்து நான்கு ஸ்டட்டுகளும் இருந்த நிலை. இதுவரை கை சரளமாகப் போயிற்று. நான்காம் எண்ணைப் போட்டு ஒரு புள்ளியும் வைத்துவிட்டு வெகுநேரம் ஏரியைப் பார்த்தாள். பின்பு அதையும் எழுதினாள்:

"4. நவம்பர் பதினேழாம் தேதி, நட்டுகளை யாராவது தொட்டார்களா என்று திரு. டும்லாவ் என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். இரண்டு நாளைக்கு முன் ஒவ்வொன்றாகக் கழற்றி, ஸ்டட்டுகளில் கம்பளிக் கொழுப்பு பூசி, நானே திரும்ப மாட்டியிருந்தேன். எங்கள் ஊரில் இதை ஒரு வேலையாக எண்ணுவதில்லை. அதனால் சொல்லத் தோன்றவில்லை. அவர் கேட்டது சரியான கேள்வி. என் பதில் தவறு. ஸ்டட்டுகள் அதனால்தான் போயின."

ஐந்தாவது பத்தி சிறியது. இந்த ஊர் வண்டிகளைத் தொடர்ந்து அவரே பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது.

*

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு லயல் தன் வீட்டு முற்றத்தில் படகு வண்டியின் அச்சுக்குக் கொழுப்பு தடவிக்கொண்டிருந்தார். கை முழுக்க மஞ்சள். அதனால் கடிதத்தைத் தொடாமல், அவளையே பிடித்துக் காட்டச் சொல்லிப் படித்தார். நான்காம் பத்தியில் உதடுகள் அசைவது நின்றது.

எல்லோரும்தான் பூசுகிறோம், எனக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லையே என்றார் முதலில். அவள் சொன்னாள்: பூசுவது நீங்கள், இறுக்குவதும் நீங்கள், கை நின்ற இடத்தில் நிறுத்திவிடுகிறீர்கள். ரெஞ்சு அப்படி நிற்காது. அவர் அச்சைப் பார்த்தார், தன் காரின் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, நான்காம் பத்தியை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். ஸ்டட்டில் கொழுப்பு இருந்தது, யார் பூசியது என்று தெரியவில்லை என்று எழுதினால் போதும். அந்தப் பையனும் தப்பிப்பான், உன் பெயரும் வராது என்றார்.

"தப்பிக்க மாட்டான் லயல். யார் பூசினதுன்னு தெரியலைன்னா, அவன் கேக்காம விட்டதா ஆகும். கேட்டான். நான்தான் இல்லைன்னேன்."

"அவன் கேட்டான்னு நீ எழுதுற. வண்டியில அம்மாவை ஏத்தி விடுற ஒவ்வொரு பிள்ளையும் இதை நாளைக்குத் தெரிஞ்சுக்குவான். உன்னைக் காப்பாத்தத்தான் சொல்றேன், க்ளென்."

அது உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. லயல் மோசமான மனிதர் இல்லை. கண் ஆபரேஷனுக்கு அவரை அவள்தான் கூட்டிப்போய்க் கூட்டி வந்தாள். வழி முழுக்க வேறு யார் வண்டியிலும் நான் கண்ணை மூட மாட்டேன் என்று புலம்பிக்கொண்டு, கட்டுப் போட்ட கண்ணோடு தூங்கிக்கொண்டு வந்தார்.

"இந்தக் கடிதம் போச்சுன்னா வண்டிச் சாவியை நான் திருப்பி வாங்கிக்கணும். குழுவுல வேற வழி இருக்காது" என்றார்.

க்ளெனிஸ் பையைத் திறந்து சாவியை எடுத்தாள். அவர் கை அழுக்காக இருந்ததால் படகின் விளிம்பில் வைத்தாள். உலோகத்தில் உலோகம் பட்ட சத்தம் சின்னதாகக் கேட்டது. ஒன்பது வருஷ வியாழக்கிழமைகள் அந்தச் சத்தத்துக்குள் அடங்கிவிட்டது அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது.

கையெழுத்துப் போட மாட்டேன் என்றார் லயல், சாவியைப் பார்த்தபடி. குழுவின் கடிதமாக இதை அனுப்ப முடியாது.

"சரி. என் கடிதமாப் போகட்டும். நான் கையைத் தூக்குனது தப்புன்னு குறிப்பேட்டுலயும் எழுதிடுறேன். ஊனா சொன்னதையும் எழுதிடுறேன்."

"ஊனா தூங்கிட்டிருந்தா."

"ஒரு கண்ணாலதான்" என்றாள்.

வீட்டுக்குப் போய்ச் சுத்தமான தாளில் முழுவதையும் படி எடுத்தாள். குழுவின் பெயர் இருந்த இடங்களிலெல்லாம் 'நான்' என்று மாற்றினாள். ஐந்தாம் பத்தியில் ஊர் வண்டிகள் என்று கேட்கத் தனக்கு இனி உரிமை இல்லை என்று பட்டதால், அதை அடித்துவிட்டு, என் சொந்தக் காரை அவரிடமே கொண்டுபோவேன் என்று எழுதினாள். அது கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தது. வேறு வாக்கியம் கிடைக்கவில்லை. ரெனாட்டோவிடம் கேட்டு வாங்கி வந்திருந்த பதினெட்டில் ஒன்றை, நட்டு பாதியில் சிக்கி நிற்கும்படியே, ஒரு துண்டுக் காகிதத்தில் சுற்றி உள்ளே வைத்தாள். ரசீதின் நகலையும் வைத்தாள்.

பதினொரு மணிக்கு நெரிடா தபால் வண்டியை மளிகைக் கடை வாசலில் நிறுத்தினாள். வெயில் தெருவை அழித்துவிட்டிருந்தது. எதிர்ப்பக்கக் கட்டடங்கள் தண்ணீரில் நிற்பது போல நின்றன. க்ளெனிஸ் வண்டியின் மூக்கில் உறையை வைத்துக்கொண்டு பாஸ்கோவின் முகவரியை இன்னொரு தடவை படித்துப் பார்த்தாள். நெரிடா உறையைத் தூக்கிப் பார்த்து, நடுவில் புடைத்திருப்பது என்ன என்று கேட்டாள்.

"ஒரு ஸ்டட். கூடவே நட்டும் இருக்கு."

"இந்த கனத்துக்கு இன்னொரு ஸ்டாம்ப் ஒட்டணும் க்ளென். வாய் மூடாது போலயே."

பசை நனைத்து ஒட்டிப் பார்த்தாள். புடைப்பு பிடித்துத் தள்ளியது. நெரிடா வண்டிக்குள்ளிருந்து அகலமான பழுப்பு நிற டேப்பைக் கொண்டுவந்து பல்லால் கடித்துக் கிழித்துக் கொடுத்தாள். க்ளெனிஸ் அதை வாயின் குறுக்கே ஒட்டி, இரண்டு கட்டைவிரலாலும் ஓரம் ஓரமாக அழுத்தி, இன்னொரு துண்டை நீளவாக்கில் ஒட்டி, ஸ்டாம்ப்பையும் ஒட்டிக் கொடுத்தாள். நெரிடா அதைத் துறைமுக ஊர்ச் சாக்குக்குள் போட்டு, கயிற்றை இழுத்துக் கட்டினாள்.